நேர்க்கோட்டில் பறந்த பந்து

பவுலிங் ஆடியிருந்தீங்கன்னா, பந்து மேல பிரன்ஸ்விக் என்ற பெயரைப் பார்த்திருக்கலாம். 1845-ல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஆரம்பித்த கம்பெனி. முதல்ல பில்லியர்ட்ஸ் மேசை, அப்புறம் பவுலிங். இதே கம்பெனி 1970-களின் கடைசியில் ராணுவத்துக்காகவும் ஒரு பந்து செய்தது. 140 மி.மீ. விட்டம், சுமார் 3.8 கிலோ எடை, உள்ளே ஏறக்குறைய ஒரு கிலோ வெடிமருந்து. எம்16 துப்பாக்கியின் முனையில் மாட்டி விடணும். பெயர் ரைஃபிள்மேன்ஸ் அசால்ட் வெப்பன், சுருக்கமா ரா. (நம்ம உளவுத்துறை 'ரா'வுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை!)

எதுக்கு இது? ஊருக்குள்ள நடக்கிற சண்டைக்கு. 1968-ல் வியட்நாமின் ஹுவே நகரத்தில் தெருவில் தலை காட்டினாலே குண்டு பாய்ந்தது. அதனால் அமெரிக்க மரைன்கள் சுவர்களை உடைச்சு உடைச்சுத்தான் முன்னேறினாங்க. அதுக்கு 106 மி.மீ. பின்னுதைப்பில்லாத பீரங்கி மாதிரி கனமான ஆயுதங்கள் தேவைப்பட்டன. சுவர் உடைக்கிற வேலையை ஒரு சாதாரண சிப்பாயின் துப்பாக்கியே செய்யணும் என்பதுதான் ரா-வின் நோக்கம்.

எனக்குப் பிடிச்சது அது பறக்கிற விதம். எறிந்த எந்தப் பொருளும் வளைந்து விழும்னு பிளஸ் ஒன்லயே படிச்சோம். தூரம் சரியாத் தெரியலைன்னா குறி தப்பும். ரா-வில் ராக்கெட்டின் உந்துவிசை பறக்கும் திசைக்கு நேரா இருக்காது, கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். ஃப்ரீ பாடி டயகிராம் போட்டுப் பாருங்க: 3.8 கிலோவுக்கு ஈர்ப்பு விசை சுமார் 37 நியூட்டன். உந்துவிசையின் செங்குத்துக் கூறு அதே 37 நியூட்டன் இருந்தா, பந்து கீழே இறங்காது. கிடைமட்டக் கூறு அதை முன்னே தள்ளும். அந்தச் சாய்வு மாறாம இருக்கணுமே? அதுக்காகத்தான் பந்தைப் பம்பரம் மாதிரி சுழல விட்டாங்க. உருண்டையா இருக்கிறதால எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் காற்றின் தடை ஒண்ணுதான். எரிபொருள் தீரத் தீர எடை குறையும், அதனால கணக்கு அவ்வளவு சுத்தமா வராது. ஆனா சுமார் 200 மீட்டருக்கு இது போதும்.

ராக்கெட்டைப் பற்ற வைக்க பேட்டரி எதுவும் கிடையாது. சாதாரணத் தோட்டாவைச் சுட்டாலே போதும், துப்பாக்கி முனையில் வரும் வாயுவில் கொஞ்சம் திரும்பி வந்து ராக்கெட்டைக் கிளப்பிவிடும்.

இலக்கில் பட்டதும் வெடிமருந்து, சுவத்துல வரட்டி தட்டின மாதிரி அப்பிக்கிட்டு, அப்புறம்தான் வெடிக்கும். அதிர்வலை சுவருக்குள்ளே ஓடி மறுபக்கத்தைப் பெயர்த்துப் போடும். 200 மி.மீ. கம்பி கட்டிய கான்கிரீட்டில் 360 மி.மீ. அளவுக்கு ஓட்டை. மறுபக்கம் குடும்பம் இருந்தா என்ன ஆகும் என்பது நான் போட்ட டயகிராமில் எங்கேயும் வராது. இதை எழுதும்போது அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது.

இவ்வளவு இருந்தும் ரா பரவலா ஏற்கப்படலை. 1990-களில் மரைன்கள் குறைந்த எண்ணிக்கையில் வாங்கினதோட சரி. என் கணிப்பில் எடைதான் வில்லன். எம்16-ஏ2 துப்பாக்கியே தோட்டா இல்லாம மூன்றரை கிலோகிட்டத்தான். அதன் முனையில் இன்னொரு 3.8 கிலோ தொங்கினா எப்படிக் குறி பார்ப்பது? தோளில் வைத்துச் சுடும் எம்72 மொத்தமே சுமார் இரண்டரை கிலோ. அதோட, சுவர் உடைக்க எஸ்எம்ஏடபிள்யூ என்ற ராக்கெட் லாஞ்சரை மரைன்கள் 1984-லேயே எடுத்துக்கிட்டாங்க. ரா போய் நிற்க இடமே மிச்சமில்லை.

பிரன்ஸ்விக் இப்போ பவுலிங் தொழிலையும் வித்துட்டு, படகும் படகு இன்ஜினும் செய்யுது.