ரிலீவர் வந்துவிட்டாரா?

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் பணிபுரிவோரின் இல்லங்களில் 'ரிலீவர்' என்னும் சொல் குழந்தைகளுக்கும் பழக்கமானது. இரவு ஷிப்டு முடித்த தந்தை வீடு திரும்பத் தாமதமானால், "ரிலீவர் வரவில்லை போலும்" என்பார் தாய். அடுத்தவர் வந்து பொறுப்பேற்கும் வரை இயந்திரத்தை விட்டு அகல முடியாது. வருபவரும், முன்னவர் விட்ட இடத்திலிருந்து, அங்குள்ள கோளாறுகளோடு சேர்த்தே பணியை ஏற்கவேண்டும்.

விளையாட்டு உலகிலும் இத்தகைய ரிலீவர் உண்டு. அமெரிக்க மக்கள் பெரிதும் விரும்பும் பேஸ்பால் ஆட்டத்தில், கிரிக்கெட்டைப்போல் ஓவருக்கு ஓவர் பந்து வீச்சாளர் மாறுவதில்லை. தொடக்க வீச்சாளர் ஒருவரே தொடர்ந்து வீசுவார். ஏறத்தாழ நூறு பந்துகளில் அவர் தோள் சோர்ந்ததும், மைதானத்தின் ஓரத்தில் காத்திருக்கும் மாற்று வீச்சாளர் அழைக்கப்படுவார். சிலவேளை எதிரணியினர் தளங்களில் நின்று ஓட்டமெடுக்கத் துடிக்கும் இக்கட்டான வேளையாக அது இருக்கும். அந்த இக்கட்டு அவர் உண்டாக்கியதன்று. ஆயினும் மீட்பது அவர் கடமை. அழைப்பே வராமல் கழியும் நாள்களும் உண்டு. அன்றும் அவர் ஆயத்தமாக இருந்தாகவேண்டும்.

நம் தொழிற்பேட்டைக்குப் பிழைப்பு நாடி வரும் இளைஞர் பலரின் மாநிலமான உத்தரப்பிரதேசத்தில், பதோஹி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர் ரிங்கு சிங். தந்தை லாரி ஓட்டுநர், பிள்ளைகள் ஒன்பதின்மர். ரிங்கு ஈட்டி எறியும் வீரர். 2008ஆம் ஆண்டு, வேகமாகப் பந்தெறியும் இந்திய இளைஞரைத் தேடி நடத்தப்பட்ட 'மில்லியன் டாலர் ஆர்ம்' போட்டியில் மணிக்கு 87 மைல், அதாவது 140 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்து, 1,00,000 டாலர் பரிசு வென்றார். அதுவரை பேஸ்பால் ஆடியறியாத அவரும், உடன் சென்ற தினேஷ் பட்டேலும், அமெரிக்காவில் சில மாதங்களே பயின்று, அவ்வாண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் கழகத்தில் ஒப்பந்தமாயினர். இவ்வரலாறு 2014இல் திரைப்படமாகியது. இசை நம் ஏ. ஆர். ரகுமான்.

திரைப்படம் ஒப்பந்தத்தோடு முடிந்துவிடுகிறது. உண்மையான உழைப்போ அதன் பின்னரே தொடங்கிற்று. 2009 முதல் கீழ்நிலை அணிகளில் இருவரும் ஆடினர். 2010 இறுதியில் தினேஷ் விடுவிக்கப்பட்டு நாடு திரும்பினார். ரிங்கு நிலைத்து நின்றார். 2012இல் மேற்கு வர்ஜீனியா அணிக்காக 39 ஆட்டங்களில் 72 இன்னிங்ஸ் வீசி, 65 முறை மட்டையாளரைப் பந்தை அடிக்கவே விடாமல் வெளியேற்றினார். பின்னர் கையில் காயம், அறுவை சிகிச்சை, நீண்ட ஓய்வு. முதல்நிலை ஆட்டத்தை அவர் எட்டவே இல்லை. 2018இல் மல்யுத்த அரங்கில் புகுந்து வேறு வாழ்வு அமைத்துக்கொண்டார்.

இதே பணியில் சிகரம் தொட்டவரும் உண்டு. பனாமா நாட்டில், நம் பழவேற்காட்டைப் போன்றதொரு மீனவ ஊரில் வளர்ந்த மரியானோ ரிவேரா, தந்தையோடு மீன்பிடிக்கச் சென்றவர். 1995இல் நியூயார்க் யாங்கீஸ் அணியில் தொடக்க வீச்சாளராக இறங்கிச் சோபிக்கவில்லை. மாற்று வீச்சாளராக்கப்பட்டபின், 2013இல் ஓய்வு பெறுமுன் 652 ஆட்டங்களில் அணியின் வெற்றியைக் காத்துக்கொடுத்தார். 2019இல், புகழ் மன்றத்துக்கு ஒரு வாக்கும் எதிரின்றித் தெரிவான முதல் வீரரும் அவரே.

ரிவேராவின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வது எளிது. ரிங்குவின் கதையையும் சொல்வோமா? மாவட்ட அணியோடு நின்றுவிட்ட மகனையும், பதக்கமின்றித் திரும்பிய மகளையும் பார்த்து, "இத்தனை ஆண்டும் வீண்" என்று நாம் எத்தனை முறை கூறியிருக்கிறோம்! அயல்நாட்டில் அறியாத ஆட்டத்தைக் கற்று, அழைத்தபோதெல்லாம் எழுந்து சென்று பிறர் சுமையைத் தாங்கிய ஒருவரின் ஆண்டுகளை வீண் என்று எவ்வாறு சொல்வது?

விடியற்காலையில் ஷிப்டு முடித்து வரும் தந்தையை எவரும் மாலையிட்டு வரவேற்பதில்லை. ஆயினும் அவர் வந்து நின்றதால்தான் முன்னவர் வீடு சேர்ந்தார், ஆலையும் ஓடிற்று. அந்த அளவுகோலையே நம் பிள்ளைகளுக்கும் வைப்போம்.