ஒரே கைப்பேசி, மூன்று பிள்ளைகள்

கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்திலிருந்து தெற்கே செப்பாங் விமான நிலையம் வரை ஒரு பெருவழி. அப்போதைய பிரதமர் மகாதீர் 1996-இல் தொடங்கிய பல்லூடகப் பெருவழித் திட்டத்தின் எல்லை அதுதான். அத்திட்டத்தின் கீழ் 1999-இல் நாடெங்கும் 87 பள்ளிகள் சோதனை முறையில், கணினிவழி கற்பிக்கும் விவேகப் பள்ளிகளாயின. கற்றல் மென்பொருள் தயாரானது நான்கு பாடங்களுக்கு: மலாய், ஆங்கிலம், அறிவியல், கணிதம். தமிழுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

தமிழ்ப் பாடத்தைத் திரைக்குக் கொண்டுவரும் வேலை ஆசிரியர்கள் தலையில் விழுந்தது. அதற்கும் முதலில் கணினியில் தமிழ் எழுத்து வேண்டுமே! மலேசியரான முத்து நெடுமாறன் 1985-இலேயே முரசு மென்பொருளை உருவாக்கியிருந்ததால் அந்தக் கவலை குறைந்தது.

2011-இல் வந்த ஒன்பெஸ்தாரிநெட் திட்டம் பத்தாயிரம் பள்ளிகளுக்கு இணையமும் மெய்நிகர் கற்றல் தளமும் தருவதாகச் சொன்னது. 2019-இல் அதுவும் முடிந்தது.

அடுத்த ஆண்டு மார்ச் 18-இல் கோவிட் பரவலால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை; பள்ளிகள் மூடப்பட்டன. கல்வி அமைச்சு எடுத்த கணக்கில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை. மூன்று பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒரே கைப்பேசி; அதுவும் அப்பா வேலை முடிந்து திரும்பினால்தான் கிடைக்கும். இயங்கலை வகுப்பு காலை ஒன்பதுக்கு நடந்தால் யாருக்கு லாபம்? ஆசிரியர்கள் புலனத்துக்கு (வாட்ஸ்அப்) மாறினார்கள். சிலர் காணொளியும் எடுத்தார்கள். பாடநூலை அப்படியே வாசித்தவர்களும் உண்டு. பின்னணி இசைக்கு மட்டும் குறைவில்லை.

என் கணிப்பில், அந்தக் காலத்தின் நல்ல கண்டுபிடிப்பு, பிள்ளைகள் வாசித்துப் புலனத்தில் அனுப்பிய குரல்பதிவுதான். முப்பது பேர் வகுப்பில் ஒரு பிள்ளை வாய்விட்டு வாசிக்க ஒரு நாளில் எத்தனை வரி கிடைக்கும்? பதிவில் முழுப் பத்தியும் வாசிக்கிறது. பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடி வாசிக்கிறது. நாலு பேர் சிரிப்பார்களே என்ற பயமில்லை. ழகரம் எங்கே லகரமாகிறது என்று ஆசிரியர் திரும்பத் திரும்பக் கேட்கலாம். கோப்பும் சிறியது, டேட்டா தின்னாது. வண்ண அசைபடம் பிள்ளையைப் பார்க்க வைக்கும். இது பேச வைக்கிறது. வீட்டு வாசலைத் தாண்டினால் மலாயும் ஆங்கிலமும் பேசி வளரும் கோலாலம்பூர்ப் பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சிதான் முதல் தேவை.

பள்ளிகள் திறந்தபின்னும் வாரம் ஒரு பதிவை வீட்டுப்பாடமாகத் தொடரலாம். ஆளுக்கு ஒரு நிமிடம் என்றாலும், கேட்க அரை மணி நேரம் ஆகும். பள்ளி நிர்வாகம் அதைக் கால அட்டவணையிலேயே ஒதுக்கித் தரவேண்டும். இல்லாவிட்டால் ஆசிரியரின் தூக்கத்திலிருந்துதான் அதை எடுக்க வேண்டியிருக்கும்.