மௌனமும் மெய்ப்பாடும்: ‘ஸ்மால் மவுத் சவுண்ட்ஸ்’ நாடகத்தில் நகை

முன்னுரை

திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதிக்குக் கிழக்கே, சென்னைப் புறநகரான திருமுடிவாக்கத்தில் ‘தம்ம சேது’ விபாசனா மையம் உள்ளது. ச. நா. கோயங்கா (1924–2013) மரபில் அங்குப் பத்து நாள் பயிற்சி நடைபெறுகிறது. பயில்வோர் பத்தாம் நாள் காலைவரை ‘ஆரிய மௌனம்’ காத்தல் வேண்டும். பேச்சு மட்டுமன்றிச் சைகையும் எழுத்துக்குறிப்பும் விலக்கப்படுகின்றன. ஆசிரியரிடம் ஐயம் வினவ இடமுண்டு. இத்தகைய சூழலை நகைச்சுவை நாடகமாக்கியவர் அமெரிக்க நாடகாசிரியர் பெஸ் வோல். அவரது ‘ஸ்மால் மவுத் சவுண்ட்ஸ்’ 2015இல் நியூயார்க்கின் ஆர்ஸ் நோவா அரங்கில் ரேச்சல் சாவ்கின் இயக்கத்தில் அரங்கேறியது. உரையாடல் அருகிய இந்நாடகத்தில் நகை எவ்வாறு பிறக்கிறது என்பதைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வழி இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

சைகையும் மெய்ப்பாடும்

ஒருவரையொருவர் அறியாதோரும் ஓர் இணையருமாக அறுவர் மௌனப் பயிற்சிக்கு வருகின்றனர். ஆசிரியர் மேடையில் தோன்றுவதில்லை. அவர் குரல் மட்டுமே கேட்கிறது. சைகை ஒருவர் கருதிச் செய்வது. மெய்ப்பாடோ, உள்ளத்து நிகழ்ச்சி பிறர்க்குப் புலனாகுமாறு உடல்வழித் தானே வெளிப்படுவது. ஆகவே நோன்பு சைகையைத் தடுக்கலாம். மெய்ப்பாட்டைத் தடுத்தல் அரிது. அமைதி காக்க முயலும் மனத்தை உடல் காட்டிக்கொடுக்கும் இவ்விடைவெளியே நாடகத்தின் நகைக்களம்.

பேதைமை இடம் மாறுதல்

நகை பிறக்கும் களங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கைத் தொல்காப்பியர் குறிப்பர். மடனாவது, கேட்டதை ஆராயாது மெய்யெனக் கொள்ளுதல் என்பது உரை மரபு. காணாக் குரலுக்குக் கட்டுப்படுவோர் செயலில் இதனைக் காணலாம். பேதைமையின் நிலை வேறு. நெட் என்னும் பாத்திரம், வினவ வாய்ப்புக் கிடைத்ததும் தன் வாழ்வின் அவலங்களை அடுக்கி நெடிது பேசுகிறான். துன்பங்கள் பெருகப் பெருக அவையோர் முதலில் நகைக்கின்றனர். பின்னர் நகை தயங்குகிறது. அழுகையின் களமாகிய இழவு அங்கு வெளிப்படுகிறது. அதுவரை அவன் உடல் காட்டிய பதற்றத்தைக் கண்டோம். அதன் காரணத்தை அறிந்திலோம். பேதைமை மேடையிலிருந்தோரிடம் அன்று, நகைத்த நம்மிடமே இருந்தது என்பது அப்போது தெளிவாகிறது.

முடிவுரை

உரையாடலையே நாடகப் பனுவலாகக் கொள்ளும் ஆய்வு இந்நாடகத்தின் பெரும்பகுதியைத் தவறவிடும். இங்கு மேடைக்குறிப்பே பனுவலாகிறது. அதனைப் பயில மெய்ப்பாட்டியல் தகுந்த கருவி. மேலும், பல மொழி பேசும் தொழிலாளர் கூடி வாழும் ஒரகடம் போன்ற பகுதியில் இது மேடையேறின், மொழிபெயர்ப்பை வேண்டுவன சில உரைகளே. அருகிருந்தும் பேசவியலாதாரின் மெய்ப்பாட்டைக் காரணம் அறியாது நகைக்கும் பழக்கத்தை, அவ்வரங்கு அவையோர்க்கே உணர்த்தக்கூடும்.