பர்லாங்குக் கணக்கும் பந்தயக்கடையும்

குதிரைப் பந்தயத்தைப் பற்றி இப்பத்தியில் எழுதுவதா என வாசகர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். ஆயினும், பிரித்தானிய நகரங்களின் பந்தயக்கடைகளுக்குள் எம்மவரும் நுழைகின்றனர் என்பதை நாம் அறிவோம். ஓடும் தூரத்தை வகுத்துப் பார்த்தால் வெற்றிக்குதிரையைக் கண்டுவிடலாம் என்பது அவர்களுட் சிலரது நம்பிக்கை. அந்நம்பிக்கை எவ்வளவு உறுதியானது என ஆராய்வதே எமது நோக்கம்.

பர்லாங் என்பது மைலின் எட்டிலொரு பங்கு. ஏறத்தாழ 201 மீற்றர். தடைதாண்டலற்ற ஓட்டங்களுள் 5, 6 பர்லாங் குறுந்தூரம் எனவும், 8 பர்லாங்கை அண்டியவை மைல் எனவும், 10 முதல் 12 வரை நடுத்தூரம் எனவும், 14உம் அதற்கு மேலும் நெடுந்தூரம் எனவும் பொதுவாக வகுக்கப்படும்.

இவ்வகுப்புக்குக் காரணம் உண்டு. 5 பர்லாங்கில் வேகமே பிரதானம்; இரண்டரை மைல் ஓடும் அஸ்கொட் தங்கக் கிண்ணத்தில் தாக்குப்பிடிக்கும் ஆற்றலே பிரதானம். குதிரைகள் சுமக்கவேண்டிய பாரத்தைக் கணிப்போரும் தூரத்தைக் கருத்திற் கொள்வர். 5 பர்லாங்கில் ஒரு குதிரை நீள வித்தியாசம் ஏறத்தாழ 3 இறாத்தலுக்குச் சமம் எனக் கொள்ளப்படும். ஒன்றரை மைலில் அது ஏறத்தாழ அதிற் பாதியே.

ஆனால், எல்லைக்கோடுகள் மனிதர் கீறியவை. 7 பர்லாங் ஓட்டத்தைச் சிலர் குறுந்தூரத்தில் அடக்குவர். சர்வதேசத் தரப்பட்டியலோ அதனை மைல் வகுப்பிற் சேர்க்கின்றது. 2011இல் மைல் தூரமுடைய 2000 கினீஸ் பந்தயத்தை வென்ற பிராங்கல், 2012இல் யோர்க்கில் 10 பர்லாங்குக்கு மேற்பட்ட ஓட்டத்தை 7 நீளங்களால் வென்றது. அதே ஆண்டில் கினீஸையும் ஒன்றரை மைல் டேர்பியையும் வென்ற கமலொட், மேலும் நெடிய சென் லெஜரில் முக்கால் நீளத்தால் தோற்றது. வகுப்பின் பெயர் இவற்றுள் எதனையும் முன்கூட்டி உரைக்கவில்லை.

ஒரே தூரமும் எங்கும் ஒன்றல்ல. எப்சத்தின் 5 பர்லாங் இறக்கம். சான்டவுனின் 5 பர்லாங் ஏற்றம். மழையில் ஊறிய தரையில் அதே தூரம் குதிரையை அதிகமாகக் களைப்படையச் செய்யும். வகுப்பை மிகக் குறுக்கினால் ஒப்பிடுவதற்குப் போதிய ஓட்டங்கள் எஞ்சா. மிக விரித்தாலோ ஒவ்வாதவை ஒன்றாகிவிடும். ஆகவே, தூரவகுப்பு முதற் சல்லடை மாத்திரமே.

இவையனைத்தும் பந்தயக்கடைக்காரருக்கும் தெரியும். சமபலமுள்ள இரு குதிரைகள் மாத்திரம் ஓடினாலும், 11 பவுண் கட்டுபவருக்கு 10 பவுண் இலாபம் தரும் விகிதத்தையே அவர் எழுதுவார். இரண்டிலும் 11 பவுண் கட்டுபவர் 22 பவுணைக் கொடுத்து 21 பவுணைப் பெறுவார். அந்த ஒரு பவுண் எக்குதிரை வென்றாலும் கடைக்காரருக்கே உரியது. தூரக்கணக்கைக் கற்றறிவதில் தவறில்லை. சீட்டுக்காசையும் ஊரில் காத்திருப்போருக்கு அனுப்பவேண்டிய பணத்தையும் அக்கணக்கை நம்பிக் கட்டலாகாது என்பதே நாம் எம்மவருக்குக் கூறவிரும்புவது.