மூடிய சிப்பியும் திறந்த கணக்கும்



தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு கடைசியாக நடைபெற்ற ஆண்டு 1961. குளியாட்கள் கொணர்ந்த சிப்பிகளைக் கரையிலே குவித்து, ஆயிரத்துக்கு இவ்வளவு என ஏலம் விடுவர். சிப்பிகள் மூடியபடியே இருக்கும். உள்ளே முத்து உண்டோ இல்லையோ, ஏலம் எடுப்பவருக்குத் தெரியாது. சிப்பிகளை அழுகவிட்டுக் கழுவிப் பார்த்த பின்னரே ஒருவர் செல்வரானார், மற்றொருவர் கடனாளியானார்.

முத்துக்குளிப்பு நின்றது. ஆனால் மூடிய சிப்பியை விலைக்கு வாங்கும் வழக்கம் வணிகத்தில் இன்னும் நின்றபாடில்லை. அதைத் தவிர்க்கவே இன்று மேலாண்மைக் கல்லூரிகள் வணிக அலுவலர்க்கு விநியோகச் சங்கிலி பற்றிப் பயிற்சி அளிக்கின்றன. பண்டம் விளையும் இடம் முதல் நுகர்வோர் கை சேரும் இடம் வரையுள்ள தொடர்பே விநியோகச் சங்கிலி எனப்படும்.

அப்பயிற்சியில் ஒரு விளையாட்டு உண்டு. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், ஜே ஃபாரஸ்டர் என்னும் பேராசிரியரின் குழுவினர் அதனை வகுத்தனர். அவர்கள் எடுத்துக்கொண்ட பண்டம் பீர். அது நமக்கு வேண்டா. நம் ஊர் உப்பு என்றே கொள்வோம்.

கடைக்காரர், மொத்த வணிகர், விநியோகஸ்தர், உப்பள முதலாளி என நால்வர் வரிசையாக அமர்கின்றனர். ஒருவரோடொருவர் பேசலாகாது, தமக்கு வரும் ஆர்டர்ச் சீட்டை மட்டுமே பார்க்கலாம். கேட்ட சரக்கு சில வாரம் கழித்தே வந்து சேரும். நுகர்வோர் தேவை வாரம் 4 மூட்டையிலிருந்து 8 ஆக ஒரே ஒரு முறை உயர்கிறது. அவ்வளவே! கடைக்காரர் அஞ்சிச் சற்றுக் கூடுதலாகக் கேட்கிறார். அதைக் கண்ட மொத்த வணிகர் இன்னும் கூடுதலாகக் கேட்கிறார். உப்பளத்தை எட்டும்போது சிறு தேவை பெருவெள்ளமாகத் தோன்றுகிறது. முதலில் எங்கும் தட்டுப்பாடு. பின்னர் எங்கும் தேக்கம். சாட்டையின் பிடி சிறிது அசைந்தால் நுனி பெரிதாக வீசுமன்றோ? இதற்குச் 'சாட்டை விளைவு' என்று பெயர். நால்வரும் மூடரல்லர், கடையில் உண்மையாக விற்ற அளவு மற்ற மூவருக்கும் தெரியவில்லை என்பதே குறை.

இனிப் பல வழி வணிகத்தைப் பார்ப்போம். தூத்துக்குடி மக்ரூன் விற்கும் கடை ஒன்றில் 100 பொட்டலங்கள் இருப்பதாகக் கொள்வோம். கடைமுகப்பில் ஒருவர், தொலைபேசியில் ஒருவர், இணையத்தில் ஒருவர் என மூவர் விற்கின்றனர். மூவருக்கும் தனித்தனிக் கணக்கேடு இருந்தால், மூவரும் அந்த 100 பொட்டலங்களையே வாக்களித்துவிடுவர். கணக்கு ஒன்றாயின், ஒரு பொட்டலம் விற்றவுடன் மூவருக்கும் 99 எனத் தெரியும். வழிகள் பலவாயினும் இருப்புக்கணக்கு ஒன்றாக வேண்டும்.

துறைமுகத்திலும் இதே நெறிதான். 1974-இல் பெருந்துறைமுகமான நம் வ. உ. சிதம்பரனார் துறைமுகத்திற்கு வரும் சரக்குப் பெட்டகம் ஒவ்வொன்றும் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் உடையது. இறுதி இலக்கம், முன்னுள்ளவற்றிலிருந்து கணக்கிட்டுப் பெறும் சரிபார்ப்பு இலக்கம். எங்கேனும் ஓரிலக்கம் பிழைபட எழுதினால் அது பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். சுங்கத்துறைக்குரிய விவரங்களும் இன்று கணினி வழியே செல்கின்றன. சரக்கு வந்தபின் செய்தி தேடிய காலம் போய், சரக்குக்கு முன்னரே செய்தி செல்லும் காலம் வந்துள்ளது.

எனினும் கணினி தானாக உண்மை அறியாது. கிடங்கில் 80 மூட்டை இருக்க 100 என ஒருவர் பதிந்தால், அப்பொய் கண்ணிமைக்கும் நேரத்தில் சங்கிலி முழுவதும் பரவும். பழைய ஏட்டின் பிழை ஒரு கடையைக் கெடுத்தது. இன்றைய பிழையோ பல ஊர்களைக் கெடுக்கும். ஆகவே கருவியைக் கையாளக் கற்பது பயிற்சியில் ஒரு பாதியே. உள்ளதை உள்ளபடி எழுதும் பழக்கம் மறு பாதி.

நாளை வகுப்பில் நால்வர் கூடித் துண்டுச் சீட்டுகளைக் கொண்டு அவ்விளையாட்டை ஆடிப் பாருங்கள். முதன்முறை வாய் திறவாமல் ஆடுங்கள். மறுமுறை கடையில் விற்ற அளவை நால்வரும் அறியக் கரும்பலகையில் எழுதிவிட்டு ஆடுங்கள். இரண்டு முறையும் தேங்கிய மூட்டைகளை எண்ணி ஒப்பிடுங்கள். நான் சொன்னதைவிட அந்தக் கணக்கு உங்களுக்கு மிகுதியாகக் கற்பிக்கும்.