சின்னக் கைகளுக்கு வேலை

ஒரு வயது முதல் மூன்று வயது வரை குழந்தை பெரும்பாலும் கையால்தான் கற்கிறது. எடுக்கும், கொட்டும், அடுக்கும், கலைக்கும். மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பெரியவர்களுக்குச் சேட்டையாகப் படும் இந்த வேலையில்தான் விரலுக்குப் பிடிமானமும் கண்ணுக்கு அளவும் நாவுக்குச் சொல்லும் சேர்கின்றன.

தமிழ் இதை எப்போதோ கவனித்துவிட்டது. பிள்ளைத்தமிழில் செங்கீரை என்பது தவழும் நிலையில் தலை நிமிர்த்தி ஆடும் பருவம். சப்பாணி கைகொட்டும் பருவம். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் மணல்வீடும் சிறுபறையும் சிறுதேரும் பின்னால் வருகின்றன. இந்திய அரசு 2024இல் வெளியிட்ட ‘நவசேதனா’ வழிகாட்டியும் பிறப்பு முதல் மூன்று வயது வரையிலான 36 மாதங்களுக்கு மாதவாரியாகச் செயல்களை வகுத்திருக்கிறது.

செஞ்சிப் பக்கத்து வீட்டில் இதற்குக் கடைப் பொம்மை தேவையில்லை. ஒரு சொம்பு, இரண்டு டம்ளர், ஒரு கொட்டாங்குச்சி, அரைச் சொம்புத் தண்ணீர் போதும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஊற்றும்போது மணிக்கட்டைத் திருப்பவும், நிறையும் முன் நிறுத்தவும் குழந்தை பழகுகிறது. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த மரியா மாண்டிசோரியின் முறையிலும் ஊற்றிப் பழகுவது முக்கியமான பாடம். அருகில் இருப்பவர் “ஊத்து, நெறஞ்சிடுச்சி, காலி” என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அதுவே மொழிப்பாடம். பேசாமல் பொருளை மட்டும் கையில் கொடுப்பது பாதிப் பயன்தான்.

சந்தையிலிருந்து வந்த உருளைக்கிழங்கையும் கத்தரிக்காயையும் இரண்டு முறங்களில் பிரிக்கச் சொல்லலாம். வகைப்படுத்தல் இங்கே தொடங்குகிறது. காலி டப்பாக்களை அடுக்கலாம். தெருவிலிருந்து தெரியும் ராஜகிரி மலையைக் காட்டி உயரம், தூரம் என்ற சொற்களைச் சொல்லித் தரலாம். செஞ்சிக் கோட்டைக்குப் போனால் மலையேற வேண்டாம்; அடிவாரத்தில் நெற்களஞ்சியத்தருகே நடக்கவிட்டாலே குழந்தைக்குப் போதிய வேலை.

இந்த வட்டாரத்தில் வீடெங்கும் கிடைக்கும் மல்லாட்டையை (நிலக்கடலையை) மட்டும் விளையாட்டுக்குத் தரக்கூடாது. பருப்பு மூச்சுக்குழாயில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. புளியங்கொட்டையும் அப்படியே. குன்றிமணி நஞ்சு; அதை வீட்டிலேயே வைக்க வேண்டாம். தண்ணீர் விளையாட்டின்போது பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். முடிந்ததும் மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். வாளியில் நிற்கும் சில அங்குலத் தண்ணீர்கூட இந்த வயதுக் குழந்தையை மூழ்கடித்துவிடும்.