இயந்திரம் இயற்றும் நிரலும் அதன் சோதனையும்

கணினி நிரல் யாவும் மனிதர் கையால் எழுதப்படுவன என்று பலர் எண்ணுவர். அஃது உண்மையன்று. 1991ஆம் ஆண்டில் தோன்றிய ஓட்டோகொன்ப் என்னும் கருவியிடம் நூறு வரிக் குறிப்பொன்றைக் கொடுப்பின், அது பல்லாயிரம் வரிகொண்ட கொன்பிகர் என்னும் நிரலை இயற்றித் தரும். அதனை முற்றும் வாசித்தவர் எவரையும் நாம் கண்டிலோம்.

மென்பொருட் பொதியொன்றைக் கட்டும்போது இந்நிரலே முதலில் இயங்கும். ‘இக்கணினியில் இன்ன வசதி உளதா?’ என்றறியச் சிறு சோதனை நிரலொன்றை எழுதித் தொகுப்பானிடம் கொடுக்கும். தொகுப்பான் ஏற்றால் வசதி உண்டு, மறுத்தால் இல்லை. இடர் இங்கேதான் உளது. வசதி இல்லாமையால் மறுக்கப்பட்டதோ, சோதனை நிரலே பிழையானதோ என்பதை இம்முறை பிரித்தறியாது. இரண்டிற்கும் விடை ஒன்றே. வேலையும் நில்லாது தொடரும். குறைபட்ட பொதி நிறைவுற்றதுபோல் வெளிவரும்.

அறிவிக்கப்படாத செயற்கூற்றை அழைக்கும் பழைய வழக்கத்தைச் சி மொழியின் 1999ஆம் ஆண்டு நியமம் நீக்கிற்று. எனினும் தொகுப்பான்கள் நெடுங்காலம் எச்சரிப்பதோடு அமைந்தன. 2024 மே மாதத்தில் வெளியான ஜி.சி.சி. 14 அதனைப் பிழையென்றே தள்ளியது. பழைய சோதனை நிரல்கள் பலவற்றில் அவ்வழக்கம் மலிந்திருந்தமையால், உள்ள வசதியும் இல்லையென்றாகும் நிலை நேர்ந்தது. பெடோறா அணியினர், இத்தகைய இடங்களைப் பதிவுசெய்யுமாறு திருத்திய தொகுப்பானைக் கொண்டு பொதிகளைக் கட்டிப் பார்த்துத் திருத்தினர். ஜென்டூவின் கருவியோ கொன்பிகரின் குறிப்பேட்டை ஆராய்ந்து ஐயமானவற்றை அறிவிக்கின்றது. மெய்யாகவே இல்லாத செயற்கூறுகளும் அதில் அகப்படும். ஆதலால் விலக்குப் பட்டியலொன்றும் வேண்டியதாயிற்று. சலிப்பூட்டும் வேலைதான், ஆயினும் எம் கருத்தில் மிகப் பயனுள்ள வேலை.

இம்மௌனத்தைத் தீயோரும் அறிந்திருந்தனர். 2024 மார்ச் 29ஆம் நாள் அன்ட்ரெஸ் பிறொயின்ட் என்பார் எக்ஸ்-இசெட் என்னும் சுருக்கல் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளிற் கள்ளவாயில் மறைந்திருத்தலை வெளிப்படுத்தினார். தொலைவிலிருந்து கணினியுட் புகும் சேவை அரை நொடியளவு தாமதித்தமையே அவருக்குக் கிடைத்த துப்பு. பின்னர் ஆராய்ந்தபோது மற்றொன்றும் புலப்பட்டது. சீமேக் என்னும் பிறிதொரு கருவிக்குரிய கோப்பில், லான்ட்லொக் என்ற காப்பு வசதி உளதா எனப் பார்க்கும் சோதனை நிரலின் நடுவே தனிப் புள்ளியொன்று இடப்பட்டிருந்தது. அப்புள்ளியால் அச்சோதனை எக்கணினியிலும் தோற்கும். காப்பு வசதி ஓசையின்றி விடுபடும்.

கொன்பிகரை மூலக் குறிப்பிலிருந்து தாமே மீள இயற்றிக்கொள்வது டெபியனாரின் வழக்கம். கள்ளவாயிலை அது தடுத்திலது. திரிக்கப்பட்ட விதிக்கோப்பு, வெளியீட்டு மூடையினுள்ளேயே மூலக் குறிப்போடு மூலக் குறிப்பாய் இருந்தது. யாவரும் பார்வையிடும் பொதுக் களஞ்சியத்தில் அஃது இருக்கவில்லை.